பெருநகரில் முதல் மாதம்: அவசரம் வருவதற்கு முன்பே தேடி வைக்க வேண்டியவை

நான் பெருநகரில் குடியேறிய மூன்றாவது இரவு, குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சி அடித்தது. வாளியை வைத்தேன், துணியைச் சுற்றினேன், கையால் அழுத்திப் பிடித்தேன். வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தன் வீட்டு சீலிங்கில் நீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு அம்மா ஏறி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து ஒரு வால்வைத் திருகினார். தண்ணீர் நின்றுவிட்டது.

அவர் செய்தது ஐந்து நொடி வேலை. நான் நாற்பத்தைந்து நிமிடம் போராடியதற்குக் காரணம், அந்த வால்வு அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாததுதான். அதன்பிறகு இத்தனை வருடங்களில் நான் பார்த்த நெருக்கடிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. நேரம் போவது தேடுவதில். வால்வைத் தேடி, சுவிட்சைத் தேடி, எண்ணைத் தேடி, மருத்துவமனையைத் தேடி, கதவைத் திறந்துவிட ஓர் ஆளைத் தேடி. பிறந்து வளர்ந்த இடத்தில் இதெல்லாம் நமக்குத் தானாகத் தெரிந்திருக்கும். புதிய நகரத்தில் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அந்தத் தேடலை ஒன்றும் நடக்காத நாளிலேயே முடித்துவிடுங்கள். எப்படி என்று நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் நாள்: வீட்டை ஒரு சுற்று

பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி வாருங்கள். மூன்று இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு, மின்சாரத்தின் மெயின் சுவிட்ச், எரிவாயுவை அடைக்கும் இடம். தண்ணீர் வால்வு தொட்டிக்கு அடியில் இருக்கலாம், குளியலறைக் கதவுக்கு மேலே இருக்கலாம், வாசலுக்கு வெளியே மீட்டர் பெட்டிக்குள் இருக்கலாம், மொட்டை மாடியிலும் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் போதாது, ஒருமுறை திருகிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு துருவும் உப்பும் பிடித்து இறுகிக் கிடக்கும். அது திரும்பவில்லை என்பதை இன்றைக்குத் தெரிந்துகொண்டால் ப்ளம்பரைக் கூப்பிட்டு நிதானமாக மாற்றலாம். இறுகியிருந்தால் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், கழுத்தோடு உடைந்துவிடும்.

மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கும் சிறு சுவிட்சுகளில் எது எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். அந்தப் பெட்டியில் சின்ன சோதனைப் பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கசிந்து உடம்பு வழியாகப் பாயும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. வீடுகளில் இது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகையாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உரிமையாளரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், இது உயிர் விஷயம்.

ஒரு சுவிட்ச் தானாக விழுந்தால் ஒரு தடவை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் அந்த இணைப்பில் இருக்கும் எல்லாச் சாதனங்களையும் பிடுங்கிவிட்டுத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழாமல் இருக்க டேப் ஒட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு தீப்பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அதே நாளில் கைபேசியை எடுத்து எல்லா அறைகளையும் படம் பிடியுங்கள். சுவர்க் கறை, கதவுக் கீறல், உடைந்த தாழ்ப்பாள், மீட்டரில் ஓடியிருக்கும் எண் எல்லாம் பதிவாகட்டும். உரிமையாளருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால், தேதியோடு இருக்கும் அந்தப் படங்களே பேசும். கொடுக்கும் பணம் எதுவானாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

முகவரியைச் சொல்லிப் பழகுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்.

அவசர உதவிக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது ‘எங்கே?’ என்றுதான். இடம் தெரிந்துவிட்டால், இணைப்பு அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப முடியும். பதற்றத்தில் சொந்த வீட்டுக் கதவெண்ணே மறந்துபோகும், புதிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் முகவரியை இரண்டே வாக்கியமாக எழுதி வாய்விட்டுப் படியுங்கள். தெருப்பெயர், கட்டடப் பெயர், எந்த வாசல் வழியாக வர வேண்டும், எத்தனையாவது மாடி, எந்தக் கதவு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் என்ன. மாடி எண்ணில் கவனம் தேவை. சில நாடுகளில் தெரு மட்டத்தில் இருக்கும் தளமே முதல் மாடி, வேறு சில நாடுகளில் அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. ‘தரையிலிருந்து நான்கு மாடி ஏற வேண்டும்’ என்று சொன்னால் குழப்பம் இருக்காது.

எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும். லண்டனில் 1937-இல் 999 வந்தது, ஓர் ஊருக்கே ஒரே அவசர எண் என்ற ஏற்பாட்டின் தொடக்கம் அது. இன்று பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் 112. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. நீங்கள் வந்து சேர்ந்த இடத்தின் எண் எது என்று இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். திரைப்படங்களில் கேட்டுப் பழகிய எண்ணை நெருக்கடியில் கை தானாக அழுத்திவிடும். பூட்டியிருக்கும் கைபேசியிலிருந்தும் அவசர அழைப்பு போகும் என்பதை வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

அழைக்கும்போது இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், இந்த வரிசையில் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். வண்டி கிளம்பிய பிறகும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

முகவரியையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கைபேசியில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கைபேசி சார்ஜ் இல்லாமல் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் தேவை வரும். தவிர, உங்களுக்கே மயக்கம் வந்து விழுந்துவிட்டால், உதவிக்கு வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முகவரி சொல்லப் போகிறார்.

எரிவாயு, தீ, புகை

எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே கெட்ட வாடை அடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் கூடாது, இரண்டிலும் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வாயுவை வெளியேற்றலாம் என்று தோன்றும், அதைத்தான் செய்யவே கூடாது. அடுப்பையும் வால்வையும் மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், வெளியே போன பிறகு போன் செய்யுங்கள். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து கிடக்கும். அதனால் தாழ்வான அறையோ நிலவறையோ இருந்தால் அங்கே இறங்கிப் பார்க்கப் போகாதீர்கள்.

வாசனையே இல்லாத இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. காற்று வராத குளியலறையில் எரியும் வாயு ஹீட்டர், மூடிய அறையில் கரி அடுப்பு, பால்கனியில் வைத்து ஓட்டும் ஜெனரேட்டர் இவற்றிலிருந்து வரும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்தால் சரியாகிறது என்றால், உடனே எல்லோரும் வெளியேறுங்கள். குளிரான நகரங்களுக்குப் போகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும் கருவியை வாங்கி மாட்டுங்கள். விலையைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைத் தூக்கி எறியும், சுடர் மேல்தளம் வரை போகும். அடுப்பை அணைத்து, பொருத்தமான தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

மாடிக் குடியிருப்பில் தீ வந்தால் சுடரைவிடப் புகைதான் அதிகம் கொல்லும். புகை மேலே ஏறும், நல்ல காற்று தரையை ஒட்டி இருக்கும், எனவே தவழ்ந்து போங்கள். லிஃப்ட்டில் ஏறாதீர்கள். மூடியிருக்கும் கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்தப் பக்கம் தீ இருக்கிறது. வெளியே போக வழியில்லை என்றால் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னலோரம் நின்று தீயணைப்பு நிலையத்துக்கு உங்கள் மாடியையும் கதவெண்ணையும் சொல்லுங்கள். வெளியே போனால் பின்னாலேயே கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். சாத்திய கதவு ஒன்று மட்டுமே புகையைப் பல நிமிடங்கள் தடுத்து வைக்கும்.

இதற்கான முன்தேடல்: ஒரு நாள் மாலையில் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள். உங்கள் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள், புகையில் கண் தெரியாதபோது கை தடவி எண்ணிக்கொண்டே போகலாம். கீழே வெளிவாசல் உள்ளிருந்து திறக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். படிக்கட்டில் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்தால் குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது, அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிறிய தீயணைப்பான் சில நொடிகளில், அதிகம் போனால் இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். ஊக்கை இழுத்து, சுடரின் அடிப்பகுதியைக் குறிவைத்து, இடமும் வலமும் வீச வேண்டும். வெளியேறும் வழியை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால்

பயப்படாமல் காத்திருப்பதே செய்ய வேண்டிய வேலை. லிஃப்ட் காற்றுப்புகாத பெட்டி அல்ல, மூச்சு முட்டாது. அறுந்து விழாது என்பதையும் நம்பலாம். எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில், உயரத்தில் தானே ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சில அங்குலம் இறங்கி, தடை பிடித்து நின்றுவிட்டது. அந்தப் பாதுகாப்புத் தடையின் வழிவந்ததுதான் இன்றைய லிஃப்ட்டிலும் இருக்கிறது. மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும், கதவை நெம்பித் திறந்து இரண்டு மாடிக்கு நடுவில் இறங்க முயலும்போதுதான். மணியை அழுத்துங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

வந்த முதல் வாரத்தில் இரண்டு மருத்துவமனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று காய்ச்சல், வயிற்றுவலிக்குப் போக, நடந்துபோகும் தூரத்தில் உள்ளது. மற்றொன்று இரவு பகல் அவசரப் பிரிவு உள்ளது. இரண்டாவதுக்கு ஒருமுறை போய் அவசரப் பிரிவின் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய மருத்துவமனைகளில் முதன்மை வாசலும் அவசர வாசலும் வெவ்வேறு தெருவில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு வளாகத்தைச் சுற்றி ஓடியவர்களுக்கு அதன் வலி தெரியும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கையைத் தூக்கச் சொன்னால் ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரையேறும்.

ஒருவர் விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். உதவிக்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். தவறாகச் செய்துவிடுவோமோ என்று நிற்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. விமான நிலையம், ரயில் நிலையம், பெரிய வணிக வளாகம் போன்ற இடங்களில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி சுவரில் மாட்டியிருக்கும். திறந்தால் அதுவே குரலில் வழி சொல்லும்.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள்.

மாடியில் இருப்பவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் தெருவுக்கு வந்துவிட்டால் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். வாசலைத் திறக்க வேண்டும், லிஃப்ட் கீழே வர வேண்டும், நடைபாதையில் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவில் டொரண்டோ பகுதியில் இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 சதவீதம்தான். ஆகவே வண்டிக்கு அழைத்த அடுத்த நொடி ஒருவரைக் கீழே அனுப்புங்கள். அவர் லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தி, வாசலைத் திறந்து, விளக்கைப் போட்டு, வருகிறவர்களை நேராக மேலே கூட்டி வரட்டும். வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். முன்பின் பேசியிராவிட்டாலும் தட்டுங்கள்.

தெருவில், கூட்டத்தில்

நடுத்தெருவில் உங்களுக்கு மயக்கம் வந்தால், சுற்றி ஐம்பது பேர் நின்றும் ஒருவரும் வராமல் போகலாம். மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்பதால் அல்ல, அவரவரும் வேறு யாரோ அழைத்திருப்பார்கள் என்று நினைப்பதால். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-இல் இதைச் சோதித்தார்கள். ஒருவர் வலிப்பு வந்து திணறுவதாகக் காதில் கேட்கச் செய்தார்கள். கேட்பவர் தான் ஒருவர்தான் இருக்கிறோம் என்று நம்பியபோது 85 சதவீதம் பேர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியபோது 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள்.

இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது எளிது. ‘யாராவது உதவி பண்ணுங்க’ என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கண்ணோடு கண் பார்த்து, ‘நீலச் சட்டை போட்டிருக்கிற அண்ணா, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. பை வெச்சிருக்கிற அக்கா, நீங்க என் பக்கத்துல இருங்க’ என்று சொல்லுங்கள். ஆளைக் குறித்துக் கேட்டால் அவரால் விலகிப் போக முடியாது. நானே இரண்டு முறை இப்படிக் கேட்டிருக்கிறேன், இரண்டு முறையும் மற்றவர்களும் தாமாக வந்து சேர்ந்தார்கள்.

நெரிசலில் சிக்கினால் கைகளை மார்புக்கு முன் மடக்கி வைத்து மூச்சுவிட இடம் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் அசையும்போது அதோடு நகர்ந்து, குறுக்காக ஓரத்துக்கு ஒதுங்குங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள்.

மழையில் தெரு ஆறாக ஓடினால் பொறுத்திருங்கள். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றுகொண்டிருப்பவரை விழத்தட்டும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்க வைக்கும். சுரங்கப்பாதைக்குள் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். மூடி பெயர்ந்த சாக்கடைத் துளை கலங்கல் நீருக்குள் தெரியாது.

கைபேசியோ பணப்பையோ தொலைந்தால்

இதில் செய்யும் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் கைபேசியைத் தேடி ஓடுவார்கள், பிறகு காவல் நிலையம், கடைசியில்தான் வங்கி நினைவுக்கு வரும். அதற்குள் கணக்கு காலியாகிவிடும். முதலில் சிம் கார்டை முடக்குங்கள், ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. அடுத்து வங்கி, அட்டைகள், பணம் அனுப்பும் செயலிகள். அதன்பிறகு இன்னொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, தொலைந்த கருவியைப் பூட்டுங்கள். அப்புறம் புகார். புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாற்று சிம் வாங்கவும் அடையாள அட்டை எடுக்கவும் கேட்பார்கள்.

இன்றே செய்ய வேண்டியது: *#06# என்று அழுத்தினால் உங்கள் கைபேசிக்கென்றே உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதை எழுதி வையுங்கள், திருட்டுப் புகாருக்கும் கருவியை முடக்கவும் அது வேண்டும். சிம் கார்டுக்குத் தனியாக ஒரு ரகசிய எண் போடுங்கள், இல்லாவிட்டால் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டு ஓடிபி வாங்கிவிடுவார். பூட்டிய திரையில் செய்திகள் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். மிக நெருங்கிய மூவரின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். பணத்தையும் அட்டைகளையும் ஒரே பையில் வைக்காமல், வீடு திரும்பும் அளவுக்குச் சில்லறையை வேறு இடத்தில் வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காவல்துறை, வங்கி, பார்சல் நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு அழைத்து, ‘போனை வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று அவசரப்படுத்தினால், உடனே வைத்துவிடுங்கள். நகரத்துக்குப் புதிதாக வந்து தனியே இருப்பவர்கள் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள், பக்கத்தில் கேட்க ஆளில்லை என்பதே காரணம். அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும் வராத நாள்கள்

ஒரு டார்ச், ஒரு பவர் பேங்க், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளுக்கான தண்ணீர், தினமும் சாப்பிடும் மருந்து ஒரு வாரத்துக்கு. இவ்வளவு போதும். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே வைத்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும், நிறைந்திருக்கும் உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும். தண்ணீரின் மேல் சந்தேகம் இருந்தால் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு இன்னும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

தினமும் அரிக்கும் சின்ன விஷயங்கள்

ஆபத்துகளைவிட, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பவைதான் பலரை ஊருக்குத் திரும்ப வைக்கின்றன. அவற்றில் முதலாவது சத்தம். படுக்கையறையில் இரவில் 30 டெசிபலுக்குள் இருந்தால்தான் நல்ல தூக்கம் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அது கிட்டத்தட்ட கிசுகிசுப்பின் அளவு. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்கவில்லை என்றால், கோபத்தில் இருக்கும் இரவில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். மறுநாள் பகலில் போய், ‘எங்க வீட்டுல எல்லாம் கேட்குதுங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது’ என்று தொடங்குங்கள். உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. நாற்காலிக் காலுக்கு ஒட்டும் துணிவில்லையை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தே ஒரு தகராறை முடித்திருக்கிறேன்.

சாவி அடுத்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை என்றால், என்றாவது ஒருநாள் நீங்கள் வெளியேயும் சாவி உள்ளேயுமாக நிற்பீர்கள். மாற்றுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைக்காமல், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். அடுப்பு எரிகிறது, குழந்தை உள்ளே இருக்கிறது என்றால் பூட்டுக்காரருக்காகக் காத்திருக்கக் கூடாது, தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

வேலைக்குச் சேரும் முதல் நாளுக்கு முன், அதே நேரத்தில் ஒருமுறை போய்வந்து பாருங்கள். இரண்டாவது வழி ஒன்றையும் தெரிந்து வையுங்கள், ரயில் நின்ற நாளில் தேட நேரம் இருக்காது. அலுவலக வேலையாக எங்கே போனாலும் அசல், இரண்டு நகல், புகைப்படம், பேனா என்று ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

ஆள் தேடி வையுங்கள்

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நகரத்தில் பல மாதம் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலே ஓடிவிடும். வெட்கமாக இருக்கும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இருக்கும். போய்ப் பேசுங்கள். முதல் வாரத்தில் ‘புதுசா வந்திருக்கேன்’ என்று சொல்லிப் பேசுவது எளிது, ஆறு மாதம் கழித்து அதே வாக்கியத்தைச் சொல்ல முடியாது. இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்கு பெயர், நான்கு எண். அவற்றையும் கதவில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்.

தனியாக இருப்பவர்கள் தினமும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு வரி செய்தி அனுப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வரவில்லை என்றால் அவர் அழைக்க வேண்டும், நீங்கள் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வீட்டு எண்ணை ஊரில் இருக்கும் பெற்றோரிடமும் கொடுத்துவிடுங்கள்.

கீழ்வீட்டு அம்மா எனக்கு வால்வை அடைத்துக் கொடுத்த மறுநாள், அவரிடமே கேட்டு அந்தக் கட்டடத்தின் எல்லா வால்வுகளையும் ஒரு தாளில் வரைந்தேன். மொட்டை மாடித் தொட்டிக்கு இரண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, தெருவாசலில் ஒன்று. இப்போது எங்கள் தளத்தில் யார் புதிதாகக் குடிவந்தாலும், அவர்கள் பெட்டி இறக்கும் அன்றே அந்தத் தாளின் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூடவே சமையலறைக்குப் போய்க் குனிந்து, வால்வு திரும்புகிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறேன்.